பதினேழாம் கட்டில்காரர் வீடு திரும்பிய விவரம்

அம்பலவாணன் ஃப்ளூ காய்ச்சலுக்காக மாவட்ட ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. காய்ச்சல் ஐந்தாம் நாளே விட்டுவிட்டது. ஆனால் அவருடைய கேஸ் ஷீட்டில் ‘முடிவு’ என்கிற கட்டம் காலியாக இருந்தது. முடிவு இல்லாத ஆளை வெளியே விட முடியாது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அம்பலவாணனுக்கும் தெரியும். அதனால் அவர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை.

அவர் முயற்சியே செய்யவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. முதல் வருஷம் ஒரு நாள் இட்லி சாப்பிட்ட கையோடு எழுந்து கேட்டைப் பார்த்து நடந்தார். வராந்தா அவருக்கு முன்னால் நீண்டுகொண்டே போனது. எக்ஸ்ரே அறை பதினொரு தடவை வந்தது. மத்தியானம் களைத்துப்போய்த் திரும்பிப் பார்த்தார். அவருடைய கட்டில் நான்கடி தள்ளிக் கிடந்தது. சாப்பாட்டு வண்டி வந்திருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டார். சாம்பார் நன்றாக இருந்தது.

அப்புறம் அவர் நடக்கவில்லை. ரேஷன் கடையில் எடையாளராக இருந்தவர். அளவு மீறிய காரியம் அவருக்குப் பிடிக்காது.

தினமும் காலை ஒன்பது மணிக்குக் காய்ச்சல் வரும். உடம்புக்குள் இல்லை. கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, கையில் ரெக்சின் பையோடு நடந்தே வரும். கட்டில் கால்மாட்டில் தொங்கும் சார்ட்டில் ஒரு கையெழுத்துப் போடும். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரும்.

“எப்படி இருக்கீய அண்ணாச்சி?”

“நல்லா இருக்கேன். நீங்க?”

“எனக்கென்ன. டூட்டி ஓடுது.”

இதற்கு மேல் இருவரும் அதிகம் பேசியதில்லை. ஆனால் மழைநாளில் காய்ச்சல் கொஞ்சம் தாமதமாக வந்தால் அம்பலவாணன் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நாலு மணிக்கு அவருடைய மனைவி செண்பகவல்லி வருவாள். பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறு வரை. ஊரில் எந்தப் புருஷனும் பெண்டாட்டியும் தினமும் இரண்டு மணி நேரம் முகம் பார்த்துப் பேசுகிறார்கள்? இவர்கள் பேசினார்கள். மாடி வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்தது, முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி வந்தது, எல்லாம் பேசினார்கள். அந்த வகையில் அம்பலவாணன் கொடுத்துவைத்தவர். ஆறு மணிக்கு மணி அடிக்கும். செண்பகவல்லி எழுந்து போவாள். அந்த ஒன்றுதான் ஒன்பது வருஷமாகியும் அவருக்குப் பழகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் டாக்டர் ஹெப்சிபா வந்தார். அவர் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி பண்ணுகிற டாக்டர். மடிக்கணினியை ஊசிமருந்துத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“பெரியாஸ்பத்திரி, தாலுகா ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி, எல்லா ரெக்கார்டையும் ஒண்ணோட ஒண்ணு கோக்குறோம் அண்ணாச்சி,” என்றார். “ஃப்ளூ வந்த ஒவ்வொருத்தரும் அப்புறம் என்ன ஆனாங்கன்னு பாக்கணும். மொத்தம் ஆறாயிரத்து இருநூத்திப் பதினெட்டு பேர். ஆறாயிரத்து இருநூத்திப் பதினேழு பேருக்கு முடிவு கெடச்சிருச்சு.”

“மிச்சம் ஒருத்தர் யாரு?”

“நீங்கதான்.”

அம்பலவாணனுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அது தப்பு என்று அடுத்த நொடியே தெரிந்தது.

“நான் என்ன ஆனேன்னு பாக்கணும்னா, இந்தா முன்னாடி உக்காந்திருக்கேன்லா?”

“அது தெரியுது. ஆனா நேர்ல பாத்தது ஆராய்ச்சியில சேராது. ரெக்கார்டுல இருக்கணும். இன்னைக்கு நாலு மணிக்கு லிஸ்ட்டை மூடுறோம். அதுக்குள்ள கெடைக்கலன்னா, தொடர்பு அறுந்தவர்னு எழுதிருவோம்.”

“எழுதினா என்ன?”

“தொடர்பு அறுந்தவரை யாரும் வந்து பாக்க முடியாது. பாஸ் செல்லாது. உங்க வீட்டம்மா வந்தா கட்டில் காலியாத்தான் தெரியும்.”

“நான் கட்டில்லதான இருப்பேன்?”

“இருப்பீங்க.”

“கூப்பிட்டா?”

“கூப்பிடலாம். உங்களுக்கு மட்டும் கேக்கும்.”

அம்பலவாணன் செருப்பைத் தேடினார். ஒன்பது வருஷத்தில் அவர் எதற்கும் அவசரப்பட்டதில்லை. இப்போது இரண்டு காலிலும் இடது செருப்பையே மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கேட்டுப் பக்கம் போகாதவரை வராந்தா ஒழுங்காகத்தான் நடந்துகொள்ளும். ரெக்கார்டு அறை இருபது தப்படியில் வந்தது. அதன் பொறுப்பாளர் கோமதிநாயகம் போன பதவி உயர்வுக்குப் பிறகு இரும்பு ரேக்காக ஆகியிருந்தார். கால் மட்டும் பழைய கால், தோல் செருப்போடு. இடுப்புக்கு மேல் ஐந்து அடுக்கு. குரல் மூன்றாவது அடுக்கிலிருந்து வந்தது. சம்பள விகிதம் அதேதான் என்று அவருக்கு ஒரு மனக்குறை உண்டு.

டாக்டர் ஹெப்சிபா விஷயத்தைச் சொன்னார். மூன்றாவது அடுக்கில் தூசு கொஞ்சம் அசைந்தது.

“டிஸ்சார்ஜ் சீட்டு எழுதியாச்சு அண்ணாச்சி. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடியே எழுதியாச்சு,” என்றார் கோமதிநாயகம்.

“அப்புறம்?”

“மறுநாள் ஆயுத பூஜை. நம்ம ஆபீஸ்ல ஒரு வழக்கம். ஃபைல் எல்லாத்தையும் டேக் கயித்தை உருவிட்டு, தாள் தாளாப் பிரிச்சுத்தான் படத்துக்கு முன்னாடி வைப்போம். கட்டிப்போட்டபடியே பூஜைக்கு வைக்கக் கூடாதுன்னு எனக்கு முன்னால இருந்தவர் சொல்லிக் கொடுத்தது. எல்லாத் தாளுக்கும் சந்தனம், குங்குமம். பொரி கடலை. மறுநாள் காலையில திரும்பக் கட்டணும். உங்க சீட்டை எடுத்துப் பாத்தா, பேர் இருக்குற இடத்துல சந்தனம். கட்டில் நம்பர்ல குங்குமம்.”

“தொடச்சுப் பாத்திருக்கலாமே.”

கோமதிநாயகம் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தார்.

“பூஜையில வெச்ச பொட்டை அழிக்கச் சொல்லுதீயளா அண்ணாச்சி?”

அம்பலவாணனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு பேச்சுக்குக்கூட அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

“எந்த ஃபைல் ரொம்ப மெலிசா இருந்துச்சோ, அதுல சேத்துக் கட்டினோம். பாவம், அதுவும் கொஞ்சம் கனமா இருக்கட்டும்னு.”

“யார் ஃபைல்?”

“பதினோராம் கட்டில். ரோசலின் டீச்சர்.”

டாக்டர் ஹெப்சிபா மடிக்கணினியில் தட்டிப் பார்த்தார். “ஆமா. ரோசலின் ஒரே நாள்ல ரெண்டு தடவை நலமா வீடு திரும்பியிருக்காங்க. நான் கவனிச்சேன். நல்ல முடிவுதானேன்னு விட்டுட்டேன்.”

“ஒரே நாள்ல ரெண்டு தடவை எப்படித் திரும்ப முடியும்?”

“திரும்பியிருக்காங்க.”

மணி இரண்டே முக்கால். டாக்டர் போன் போட்டார். “ஹலோ” என்று அந்தப் பக்கம் கேட்ட குரல் முடிவதற்குள் ரோசலின் டீச்சர் ரெக்கார்டு அறை வாசலில் நின்றார். இரண்டு சீட்டு வைத்திருப்பவரிடம் வராந்தாவுக்கு மரியாதை ஜாஸ்தி. அவருக்கு வயது அறுபதை நெருங்கும் என்று ஃபைல் சொன்னது. முகம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கழுத்தில் விசில் தொங்கியது. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் விளையாட்டு டீச்சர்.

“ரெண்டு சீட்டு கொடுத்தாங்க,” என்றார். “ஒண்ணு கூடுதலா இருந்தா நல்லதுதானேன்னு வாங்கிக்கிட்டேன். அன்னைலருந்து ஒரு தும்மல் கெடையாது.”

“கொடுத்து வெச்சவங்க டீச்சர் நீங்க,” என்றார் அம்பலவாணன்.

“என்னத்தக் கொடுத்து வெச்சேன். ஒன்பது வருஷமா ஒரு நாள் மெடிக்கல் லீவு எடுக்கல. ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசல. எங்க அக்கா அடக்கத்துக்குப் போயி அழுதேன். மனசார அழுதேன். மூக்கு ஒழுகல. கண்ணு செவக்கல. நடிக்கான்னு சொல்லிட்டாங்க.”

அவர் கைப்பையைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்தார். லாமினேட் செய்து வைத்திருந்தார். சந்தனமும் குங்குமமும் பிளாஸ்டிக்குக்கு அடியில் வைத்தது வைத்தபடி இருந்தன. அழிக்கலாமா கூடாதா என்கிற கேள்விக்கே இப்போது இடமில்லை. கோமதிநாயகம் ஐந்து அடுக்கிலும் நிம்மதியாக மூச்சு விட்டார்.

டீச்சர் சீட்டைக் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

“இதைக் கொடுத்துட்டா எனக்குச் சளி புடிக்குமா?”

“புடிக்கும்,” என்றார் டாக்டர்.

“காய்ச்சல்?”

“வரலாம்.”

“மூட்டு வலி?”

“உங்க வயசுக்கு என்ன உண்டோ அது வரும்.”

டீச்சர் யோசித்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. ஒருத்தர் ஆரோக்கியத்தை அப்படி வெடுக்கென்று பிடுங்க முடியாது. அம்பலவாணன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்தது தெரியக்கூடாது என்று தரையைப் பார்த்தார். அங்கே இரண்டு இடது செருப்பு இருந்தது.

“உங்களைப் பாக்க யாரு வருவா?” என்று கேட்டார் டீச்சர்.

“என் வீட்டுக்காரி. நாலு மணிக்கு.”

“தினமுமா?”

“தினமும். பொங்கல் தீபாவளிக்கும் வருவா.”

டீச்சர் சீட்டை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். எடுத்த உடனே தும்மினார். அறையில் இருந்த தாளெல்லாம் ஒரு தடவை எழுந்து உட்கார்ந்தன. டீச்சரின் மூக்கு சிவந்திருந்தது.

“யார்கிட்டயாவது கைக்குட்டை இருக்கா?” என்று கேட்டார். கேட்கும்போது முகமெல்லாம் சிரிப்பு.

அம்பலவாணன் தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தார். அதோடு காரியம் முடிந்தது என்று நினைத்தார். முடியவில்லை.

“இது உங்க சீட்டுதான்னு நிரூபிக்கணும்,” என்றார் டாக்டர் ஹெப்சிபா. “பேர் தெரியல, நம்பர் தெரியல. அதனால மத்ததை வெச்சுப் பாக்கணும். பத்துப் பொருத்தம். ஏழு சேந்தா கட்டலாம். ஆறுன்னா கட்டக் கூடாது.”

கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். சேர்ந்த தேதி சரி. வார்டு சரி. வயது சரி. ரத்த வகை சரி. இடது தோளில் மச்சம் சரி, சட்டையைக் கழற்றிக் காட்டினார். எடை ஐம்பத்தெட்டுக் கிலோ நானூறு கிராம். நர்ஸ் ஐம்பத்தெட்டு என்றுதான் முதலில் எழுதினாள். நானூறையும் எழுதச் சொல்லி அன்றைக்கு நின்று வாதாடியது அம்பலவாணனுக்கு நன்றாக நினைவிருந்தது.

“ஆறு,” என்றார் டாக்டர். “பாக்கி எல்லாம் சந்தனத்துக்கு அடியில. கீழ ஒரு கையெழுத்து மட்டும் தெரியுது, யாருதுன்னு தெரியல.”

மணி மூன்று நாற்பது.

டீச்சர் இன்னொரு தடவை தும்மினார். அம்பலவாணனுக்கு இப்போது உண்மையிலேயே பயம் வந்தது. கஞ்சித் தூக்கோடு செண்பகம் வந்து நிற்பாள். காலிக் கட்டிலைப் பார்ப்பாள். போர்வையைத் தூக்கிப் பார்ப்பாள். இவர் அங்கேயே உட்கார்ந்துகொண்டு, செண்பகம், செண்பகம் என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

வாசலில் யாரோ செருமினார்கள். காய்ச்சல் நின்றுகொண்டிருந்தது. சாயங்காலத்தில் அது வந்ததே இல்லை.

“கட்டில்ல ஆளைக் காணோமேன்னு தேடிட்டு வாரேன்,” என்றது. மேஜைமேல் இருந்த சீட்டைப் பார்த்தது. குனிந்து இன்னும் பக்கத்தில் பார்த்தது. “கடைசி வரியில, காய்ச்சல் நீங்கியதுன்னு எழுதி ஒரு கையெழுத்து இருக்கு பாருங்க. அது என் கையெழுத்து.”

“தினமும் சார்ட்ல போடுறது வந்ததுக்கு, அது சேராது. அப்ப நீங்கினதுக்கு இவர் கேஸ் ஷீட்டுல ஒண்ணு போட்டுக் காட்டுங்க. ஒத்துப்போனா ஏழு,” என்றார் டாக்டர்.

காய்ச்சல் பேனாவை வாங்கியது. வாங்கிவிட்டு நின்றது.

“இதுல போட்டா நான் நீங்கினதா ஆயிருமே.”

“ஆயிரும்.”

“நாளைக்கு ஒன்பது மணிக்கு வரக் கூடாதா?”

“வரக் கூடாது.”

அம்பலவாணன் எழுந்து நின்றார். “உங்களுக்கு இஷ்டமில்லன்னா வேண்டாம்,” என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார். சொல்லும்போது கடிகாரத்தையும் பார்த்தார். மனிதன் என்றால் இரண்டும்தான் இருக்கும்.

“அதுக்கில்ல அண்ணாச்சி,” என்றது காய்ச்சல். “ஒன்பது வருஷமா ஒரே எடத்துல உக்காந்து பழகிட்டேன். இனிமே எங்க போகச் சொல்லுவாங்களோ. புது ஆளுங்க. என்னைக் கண்டாலே மாத்திரையை எடுக்குற ஆளுங்களா இருப்பாங்க. ஸ்டூல் போட்டு உக்காரச் சொல்லமாட்டாங்க.”

“எங்க வீட்டுக்கு வாங்க,” என்றார் டீச்சர், துண்டுக்குள்ளிருந்து. “எங்க வீட்டுக்கு ஒன்பது வருஷமா நீங்க வரவே இல்ல. ஒரு மூணு நாள் இருந்துட்டுப் போங்க. மெளகு ரசம் வெச்சுத் தாரேன்.”

காய்ச்சல் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டது. அதை யாரும் இதற்குமுன் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. குனிந்து கையெழுத்துப் போட்டது. கடைசி எழுத்தின் வால் மேல்நோக்கிச் சுழித்து, மறுபடி கீழே வந்து நின்றது. சீட்டில் இருந்ததும் அப்படியே சுழித்து, அப்படியே நின்றது.

“ஏழு,” என்றார் டாக்டர் ஹெப்சிபா.

கோமதிநாயகம் நான்காவது அடுக்கிலிருந்து டேக் கயிறு ஒன்றை நழுவவிட்டார். டாக்டர் சீட்டையும் கேஸ் ஷீட்டையும் சேர்த்துக் கட்டினார். மணி நாலடிக்க இரண்டு நிமிஷம்.

அம்பலவாணன் காய்ச்சலின் கையைப் பிடித்தார். முதல்தடவையாக அது சுடவில்லை. அவர் தலையாட்டினார். அதுவும் தலையாட்டியது.

பிறகு நடந்தார். வராந்தா மொத்தம் பதினான்கு தப்படிதான் இருந்தது. எக்ஸ்ரே அறை ஒரே ஒரு தடவை வந்தது. கேட்டைத் தாண்டினார். வெளியே வெயில் அடித்தது. பூவரச மரத்தடியில் ஒருவர் பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார். அம்பலவாணனுக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. சும்மா நின்றார்.

அப்போது ஆஸ்பத்திரி மணி அடித்தது. நாலு. பார்வையாளர் வாசல் வேறு பக்கம். அவர் திரும்பிப் பார்த்தபோது, பச்சைச் சேலையும் கஞ்சித் தூக்குமாகச் செண்பகவல்லி உள்ளே போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டார். பஸ் ஹாரன் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

அவர் அந்த வாசல் வாட்ச்மேனிடம் ஓடினார்.

“உள்ள போகணும்.”

“யாரைப் பாக்கணும்?”

“என் சம்சாரத்தை.”

“எத்தனாம் கட்டில்?”

“அவ நோயாளி இல்ல. பதினேழாம் கட்டில்காரரைப் பாக்கப் போயிருக்கா.”

வாட்ச்மேன் நோட்டைப் பார்த்தார். “பதினேழு டிஸ்சார்ஜ் ஆயாச்சே.”

“அது நான்தான்.”

“டிஸ்சார்ஜ் ஆனவங்க அன்னைக்கு உள்ள வரக் கூடாது. பார்வையாளர் ஆறு மணிக்கு முன்னாடி வெளிய வரக் கூடாது. உக்காருங்க அண்ணாச்சி. வந்துருவாங்க.” சுவர் ஓரத்துச் சிமெண்ட் பெஞ்சைக் காட்டினார். “அதுல உக்காருங்க. அந்த ஓரம் அந்தம்மா உக்காருற எடம்தான். தினமும் ரெண்டரைக்கே வந்துரும்.”

“நாலு மணிக்குத்தான வருவா.”

“உள்ள விடுறதுதான் நாலு மணிக்கு. வாறது ரெண்டரைக்கு.”

ஒன்பது வருஷத்தில் செண்பகவல்லி இதைச் சொன்னதில்லை. அவர் கேட்டதும் இல்லை. மழை பெய்த நாளில் எங்கே நின்றிருப்பாள் என்று பார்த்தார். ஒதுங்க இடம் இல்லை. எதையும் கிராம் சுத்தமாக எடை போடத் தெரிந்தவர். இதை அவர் போட்டுப் பார்க்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, இப்படி ஒருத்தி தனக்கு இருக்கிறாளே என்று நெஞ்சு நிறைந்தும் இருந்தது. இரண்டும் சேர்ந்து அவரை அந்த ஓரத்தில் உட்காரவைத்தன.

இரண்டு மணி நேரம் இரண்டு மணி நேரமாகவே இருந்தது. நீளவும் இல்லை, குறையவும் இல்லை. ஐந்தேமுக்காலுக்கு டாக்டர் ஹெப்சிபா வெளியே வந்தார். கையில் பெரிய தாள் இருந்தது. ஆறாயிரத்து இருநூற்றுப் பதினெட்டாவது வரியில் கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி.

“நாலு மணிக்கு மூடணும். உங்களுக்காகத் தாளோட ஒரு ஓரத்தை மடக்காம வெச்சிருக்கேன்,” என்றார். “வீடு திரும்பிட்டீங்களா?”

“இன்னும் இல்ல. ஆள் வரணும்.”

டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆறு மணி அடித்தது. ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கடைசியாகச் செண்பகவல்லி வந்தாள். காலிக் கட்டிலோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த முகம். அழுதிருந்தாள். பெஞ்சைப் பார்த்தாள். தூக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். பக்கத்தில் வந்து, அவர் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

“எவ்வளவு நேரமா இங்க உக்காந்திருக்கீங்க?”

“இப்பத்தான் வந்தேன்,” என்றார் அம்பலவாணன்.

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூடியைத் திறந்து கஞ்சியை ஊற்றினாள். அவர் வாங்கிக் குடித்தார்.

“இப்ப எழுதலாமா?” என்று கேட்டார் டாக்டர்.

“எழுதுங்க.”

டாக்டர் ஹெப்சிபா நேரம் போட்டு, ‘நலமாக வீடு திரும்பினார்’ என்று எழுதினார். வீடு அங்கிருந்து பதினெட்டுக் கிலோமீட்டர். இரண்டு பஸ் மாற வேண்டும். அம்பலவாணன் அந்த வரியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்தார். அதில் திருத்துவதற்கு எதுவும் இல்லை.